ஊராருக்கு, ஒரு சொல்லை முன்னிட்டு

அன்புள்ள திருச்சி, ஸ்ரீரங்கத்துப் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும்,

ஆண்டு மலருக்காக வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பிடித்த தொழில்நுட்பம் எது, பிடித்த புத்தகமோ படமோ எது, வேலை நேரம் போகச் சொந்தமாகச் செய்துவரும் பணி எது. மாதிரிக்கென்று போன வருஷத்து மலரையும் இணைத்திருந்தீர்கள். அதில் இளைஞர் ஒழுக்கம் பற்றிய கட்டுரை ஒன்று மூன்று பக்கம் ஓடுகிறது. அந்த மூன்று பக்கத்தில் ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல் 14 இடங்களில் வருகிறது. நான் தன்பாலீர்ப்பு கொண்டவன், மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், டொராண்டோவில் குடியேறியவன். உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் மூன்று பதில்களும் அந்த ஒரு சொல்லில் போய் முட்டிக்கொள்கின்றன. ஆகவே கேள்வித்தாளை நிரப்பாமல், பதில்களையும் சேர்த்து எல்லாரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன். கட்டுரையாளரின் கருத்துகளோடு எனக்குப் பெரிய வழக்கு உண்டு. அதை இங்கே எடுக்கவில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசவிடுங்கள்.

சேர்க்கை என்றால் நம் வீடுகளில் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பையன் படிப்பில் பின்தங்கினால் ‘சேர்க்கை சரியில்லை’ என்போம். ஜாதகம் பார்ப்பவர் கிரகச் சேர்க்கை என்பார். ஜூன் மாதம் வந்தால் கல்லூரி வாசலில் மாணவர் சேர்க்கை என்று பலகை தொங்கும். மூன்றுக்கும் அடியில் இருப்பது, வெளியிலிருந்து ஒன்று வந்து ஒட்டுகிறது என்ற எண்ணம். ஒட்டியதைப் பிரித்துவிடலாம், ஒட்டாமல் தடுத்திருக்கலாம், ஒட்டவைத்தவன் யார் என்று தேடிப் போகலாம். உடல் கூடுவது என்ற பொருளும் சேர்க்கைக்கு உண்டு, இந்தச் சொல்லைக் கட்டியவர்கள் அதைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள். ஆக, ஒருவர் யாரை நினைத்து ஏங்குகிறார், யாரோடு சேர்ந்து கிழப்பருவம் எய்த விரும்புகிறார், யாருக்குக் காய்ச்சல் என்றால் தூக்கம் வராமல் தவிக்கிறார் என்கிற முழு வாழ்க்கையையும் இந்தச் சொல் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறது. கெட்ட சகவாசத்தால் வந்த வினை என்ற சந்தேகத்தையும் கூடவே கிளப்பிவிடுகிறது. ஆணும் பெண்ணும் கூடி வாழ்வதை இல்லறம் என்கிறோம். அவர்களுடைய படுக்கையை வைத்து அந்த வாழ்க்கைக்குப் பெயரிடுவதில்லை. பதினாறு வயதில், யாரையும் தொட்டறியாமல், தான் யார் என்று மட்டும் புரிந்துகொண்டு ராத்திரியில் விழித்துக் கிடக்கும் பிள்ளையை ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று அழைப்பது எந்தக் கணக்கில் பொருந்தும்? அந்தப் பிள்ளை உறையூரிலும் இருக்கிறது, திருவானைக்காவிலும் இருக்கிறது. உங்கள் மலரையும் படிக்கிறது. ஈர்ப்பு என்று சொல்லிப் பாருங்கள். புவியீர்ப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஈர்ப்புதான். யாரும் வந்து ஒட்டவைக்காதது, உள்ளிருந்தே இழுப்பது.

முதல் கேள்விக்கு வருகிறேன். பிடித்த தொழில்நுட்பம் சிலிக்கன் சில்லு. ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்று அதைப் பற்றித் தமிழில் புத்தகம் எழுதியவர் நம் ரங்கராஜன், உலகத்துக்கு சுஜாதா. பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப் பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு வகித்த பொறியாளர், ஜீனோ என்ற இயந்திர நாயைத் தமிழ் வாசகருக்குச் செல்லப்பிள்ளையாக்கிய எழுத்தாளர். அவரை எங்கள் தெருக்காரர் என்று சொல்லிக்கொள்ள நாம் சளைப்பதில்லை, சளைக்கவும் வேண்டாம். ஆனால் அந்தப் புரட்சியை நடத்தியவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடுக்கும் வித்தையைச் சாதாரண மாணவர்களும் கற்கும்படி எளிமையாக்கி, கார்வர் மீடுடன் சேர்ந்து 1980-இல் பாடநூலாக்கியவர் லின் கான்வே. அவர் திருநங்கை. பாலின மாற்றத்துக்குத் தயாராகிறார் என்று தெரிந்ததும் 1968-இல் ஐபிஎம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. 52 ஆண்டுகள் கழித்து, 2020-இல், மன்னிப்புக் கேட்டது. இடைப்பட்ட காலத்தில் தன் கடந்தகாலத்தை மறைத்துக்கொண்டு அடிமட்டத்திலிருந்து மறுபடி ஏறிவந்துதான் அவர் அந்தப் பாடநூலை எழுதினார். சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கும் எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிற கைப்பேசி ஓடுவது ஏஆர்எம் என்ற வடிவமைப்பில். அதன் கட்டளைத் தொகுதியை வகுத்தவர் சோஃபி வில்சன். முதல் சில்லு 1985-இல் உயிர்பெற்றது. அவரும் திருநங்கை. கணினி என்ற கருத்துக்கே கணித அடித்தளம் போட்ட ஆலன் டூரிங் ஓர் ஆணை நேசித்ததற்காக 1952-இல் தண்டிக்கப்பட்டு, சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசியை ஏற்று, 1954-இல் இறந்தார். பிரிட்டன் 2013-இல் அவருக்கு மன்னிப்பு வழங்கி, 2021-இல் தன் 50 பவுண்டு நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. டூரிங்கைத் தண்டித்த சட்டம் ஒரு செயலைத்தான் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. 1860-இல் ஆங்கிலேயர் நமக்கு எழுதித் தந்த 377-ஆம் பிரிவும் அதே கண்ணோட்டத்தில் பிறந்தது. ‘சேர்க்கை’ என்ற சொல்லுக்குள் அந்தக் காலனியச் சட்டம் இன்னும் குடியிருக்கிறது. பிரிவு போய்விட்டது. 2018 செப்டம்பர் 6-இல், வயதுவந்தோர் மனமொத்துச் செய்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான நியாய சம்ஹிதையில் அந்தப் பிரிவே இல்லை. சொல்தான் நம்மிடம் தங்கிவிட்டது. தன் பாலினம் எது என்பதும் யார்மீது ஈர்ப்பு என்பதும் வேறு வேறு விஷயங்கள். உங்கள் கட்டுரை திருநங்கையரையும் என்னைப் போன்றவர்களையும் ஒரே சொல்லுக்குள் திணித்திருக்கிறது. அந்தச் சொல்லால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே இயலாது என்பது அதன் இன்னொரு குறை.

‘ஒரு சொல்தானே, அதற்கு இவ்வளவு ஆவேசமா’ என்று கேட்பீர்கள். என் தொழில் சொல்லித் தந்த பதில் ஒன்று இருக்கிறது. இன்று எல்லாரும் பேசும் செயற்கை நுண்ணறிவுக்கு அகராதி தெரியாது. ஒரு சொல்லுக்கு அக்கம்பக்கத்தில் எந்தெந்தச் சொற்கள் வருகின்றன என்று கோடிக்கணக்கான வாக்கியங்களில் பார்த்துப் பார்த்து, அந்த அண்டை வீட்டாரைக் கொண்டே அதன் பொருளை அது எண்களாகக் குறித்துக்கொள்கிறது. சேர்க்கையை வைத்துத்தான் சொல்லை எடைபோடுகிறது என்றே சொல்லலாம். தமிழ்ச் செய்தித்தாள்களில் ‘ஓரினச்சேர்க்கை’க்குப் பக்கத்தில் பல்லாண்டுகளாக நின்றுவந்த சொற்களை நினைத்துப் பாருங்கள். தகாத, கைது, கொலை, நோய், கலாசாரச் சீர்கேடு. தமிழில் கணினிக்குத் தீனியாகக் கிடைக்கும் எழுத்து ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் கைப்பிடி அளவு. அதில் ஒரு மலரும் ஒரு கட்டுரையும் சின்ன விஷயமில்லை. நாளை ஒரு பிள்ளை, வீட்டில் கேட்க முடியாததைக் கைப்பேசியில் தமிழில் தட்டிக் கேட்கும்போது, பதில் சொல்லும் இயந்திரம் உங்கள் மூன்று பக்கங்களைப் படித்து வளர்ந்ததாக இருக்கலாம்.

மனிதர்களிடத்திலும் இப்படித்தான். செயலுக்குப் பெயர் வைத்தால் செயலை நிறுத்தச் சொல்லத் தோன்றும். ஒட்டியதை எடுத்துவிட மருத்துவரைத் தேடத் தோன்றும். பெற்றோர் கொடியவர்கள் என்பதால் பிள்ளைகளை ‘சரிசெய்ய’ இழுத்துப் போவதில்லை. பெரும்பாலும் அவர்களிடம் இருந்த ஒரே சொல் அவர்களை அந்த வழியில்தான் நடத்துகிறது. 2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் தானே அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவிட்டார். ஜூன் 7 அன்று வந்த அந்த உத்தரவு ஈர்ப்பை ‘மாற்றும் சிகிச்சை’ என்ற பெயரில் நடக்கும் கொடுமைக்குத் தடை போட்டது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, இந்தச் சமூகத்தாரைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஊடகங்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது. ஓர் உயர் நீதிமன்றமும் ஓர் அரசும் சொற்களுக்காக இத்தனை மெனக்கெட்டிருக்கின்றன. படிவத்தில் தன் பாலினத்துக்கென்று ஒரு கட்டம் இல்லாததன் விலை என்ன என்று பிரித்திகா யாஷினியின் வழக்கைப் படித்தவர்களுக்குத் தெரியும். கணினிப் பயன்பாட்டில் பட்டம் பெற்ற அந்தத் திருநங்கையின் காவல் உதவி ஆய்வாளர் விண்ணப்பம் தள்ளப்பட்டது. 2015-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. 2017-இல் அவர் சீருடை அணிந்தார்.

புதுச்சொல் நாக்கில் ஒட்டாது என்பது அடுத்த தடை. இதை நம் ஊரில் யாராவது சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சொல்லை மாற்றுவதில் நம்மளவுக்குப் பழகியவர்கள் குறைவு. ‘ஊனமுற்றோர்’ என்று எழுதிய கைதான் ‘மாற்றுத்திறனாளி’ என்று எழுதப் பழகியது. இன்று பேருந்து இருக்கைக்கு மேலே அதுதான் இருக்கிறது, ஒருவரும் தடுமாறுவதில்லை. வாயில் வைக்கக் கூசும் வசைகளால் நாம் அழைத்துவந்தவர்களைத் திருநங்கையர் என்று அழைக்கிறோம். 2008-இல் அவர்களுக்கென்று நலவாரியம் அமைத்த முதல் மாநிலம் நம்முடையது. 1978-இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாணையாக்கி, ஒரு தலைமுறைக்குள் எழுத்தின் வடிவத்தையே மாற்றிக்கொண்டோம். கணினி, உலாவி, மின்னஞ்சல் எல்லாம் என் தொழிலுக்குள் வந்தபோது புதுச்சொற்கள்தான். இந்தச் சொற்களிலும் கருவிகளிலும் பெரும்பங்கு ஊரைவிட்டுப் போனவர்களின் உழைப்பு. இணையத்தில் தமிழுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன் மலேசியர். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது அதை முன்னின்று நடத்திய கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தார். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு 2003-இல் அடித்தளமிட்ட மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர், அப்போது வளைகுடாவில் வேலை பார்த்தவர். வெளியே போனவர்கள் கொண்டுவந்த எழுத்துருவையும் விசைப்பலகையையும் ஊர் ஏற்றுக்கொண்டது. ஒரு சொல்லையும் ஏற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் பெருமையோடு சொல்ல வேண்டும். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழி இல்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று கூறியது. அதே தீர்ப்பில் ‘குயர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்துவதில் தங்களுக்குள்ள சங்கடத்தையும் நீதிபதிகள் பதிவு செய்தார்கள். அகராதியில் அதற்கு விநோதம் என்று பொருள், தனக்கு இயல்பானதை உடையவரை ஏன் விநோதம் என்று அழைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஆங்கிலத்தில் அது வசையாக இருந்து மீட்கப்பட்ட சொல். தமிழில் அதற்கு வந்திருக்கும் சொல் ‘பால்புதுமையர்’. விநோதம் என்ற கறை அதில் இல்லை; புதுமை இருக்கிறது. ஆங்கிலத்துக்குக் கிடைக்காத கௌரவம் தமிழுக்குக் கிடைத்திருக்கிறது. கையில் இருக்கும் இந்தச் செல்வத்தை மலரில் அச்சிடத் தயங்குகிறோமே என்பதுதான் என் ஆற்றாமை.

இரண்டாவது கேள்விக்கு, பிடித்த புத்தகம் ‘நான் வித்யா’. திருச்சியில் வளர்ந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு, 2007-இல் வந்தது. கன்னடத்தில் படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய் தேசிய விருது பெற்றார். சுஜாதாவை நாம் கொண்டாடும் அளவில் நூறில் ஒரு பங்காவது இந்தப் புத்தகத்தைக் கொண்டாடியிருக்கிறோமா? வித்யா மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். சொற்களின் இயல்பைப் படித்த ஒருவர், தனக்குத் தானே ஒரு பெயரைத் தேர்ந்து, அரசு ஏடுகளில் அந்தப் பெயர் ஏறுவதற்காகப் போராட வேண்டியிருந்தது. பெயர் என்பது ஒருவருக்கு எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு நம் ஊரே தந்திருக்கும் சாட்சி அந்தப் புத்தகம். உங்கள் கட்டுரையாளர் அதைப் படித்திருந்தால், அவர் கருத்து மாறாமல் போயிருந்தாலும், அந்த 14 இடங்களில் பாதியிலாவது பேனா நின்றிருக்கும்.

‘இதெல்லாம் நம் மரபில் கிடையாது’ என்பதை ஸ்ரீரங்கத்துக்காரர் சொல்லும்போது கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். ஆழ்வார்களை என் கட்சியில் சேர்க்க நான் வரவில்லை. பக்தியை வேறொன்றாகத் திரித்துப் படிப்பது அவர்களுக்கும் நியாயமில்லை, எனக்கும் அவசியமில்லை. நான் காட்ட விரும்புவது வேறு. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகப் பேசுகிறார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகப் பேசுகிறார். பகல்பத்தின் பத்தாம் நாள் நம்பெருமாளே நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளுகிறார். இதைக் கண்டு நம் ஆசாரியர்கள் முகம் சுளிக்கவில்லை. பொத்தாம்பொதுவாக ஒரு பெயரிட்டு ஒதுக்கவும் இல்லை. தம் பேச்சு எது, பெண் பேச்சு எது, பெண் பேச்சிலும் மகள் பாசுரம் எது, தாய்ப் பாசுரம் எது, தோழிப் பாசுரம் எது என்று தம் வியாக்கியானங்களில் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சொல்லைத் தேடி வைத்தார்கள். இந்த வியாக்கியானங்களில் பெரும்பகுதி பிறந்தது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில்தான். ஒருவர் எந்த மனநிலையிலிருந்து பேசுகிறார் என்பதைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும் என்ற அக்கறை நம் ஊரின் மரபு. அந்த அக்கறையில் ஒரு துளியைத்தான் கேட்கிறேன்.

ஊரைவிட்டு ஓடிப்போனவன் அங்கிருந்துகொண்டு பாடம் நடத்துகிறானே என்ற எண்ணமும் உங்களுக்கு வரும். அது நியாயமான எண்ணம். கனடாவில் 2005-இலேயே ஒருபால் திருமணம் நாடு முழுவதும் சட்டமாகிவிட்டது. அலுவலகக் காப்பீட்டுப் படிவத்தில் இணையரின் பெயரை எழுதிக் கொடுத்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்த வாழ்க்கையை நினைத்து எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் இதே நாடு 1960-களில், அரசு ஊழியர்களில் தன்பாலீர்ப்பு கொண்டவர்களைக் கண்டுபிடித்து விரட்ட, படங்களைக் காட்டிக் கண்பாவை விரிவதை அளக்கும் கருவி ஒன்றை ஆராய்ச்சிப் பணம் கொடுத்து உருவாக்க முயன்றது. அந்த விரட்டலுக்காக நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2017 நவம்பரில். மேற்கு நாடு பிறக்கும்போதே நல்ல நாடாகப் பிறக்கவில்லை. அங்கிருந்தவர்கள் போகாமல் நின்று, எழுதி, வாதாடி மாற்றினார்கள். நான் அப்படி நிற்கவில்லை, கிளம்பிவிட்டேன். உறவினர் கொண்டுவரும் ஜாதகங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்துக்கொண்டு, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, தில்லைநகரிலும் பாலக்கரையிலும் இன்றும் இருப்பவர்கள் என்னைவிடத் துணிந்தவர்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டவன். இந்த மடல் அந்தக் கடனில் ஒரு சிறு தவணை. நவல்பட்டில் எல்காட் பூங்கா இருக்கிறது, பஞ்சப்பூரில் டைடல் பூங்கா வருகிறது, பிள்ளைகள் இனி ஊரிலேயே வேலை பார்க்கலாம் என்று மலரின் தலையங்கம் மகிழ்கிறது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வேலை கிடைக்காமல் போனவர்கள் மட்டுமே வெளியே இருக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விடுமுறை நாள்களில் நான் வளர்த்துவரும் பணி ஒரு சொற்பட்டியல். பால்புதுமையர், திருநர், திருநம்பி, இடையிலிங்கத்தவர், தன்பாலீர்ப்பு போன்ற சொற்களை, அவற்றின் வேற்றுமை உருபேற்ற வடிவங்களோடு, தமிழ்ப் பிழைதிருத்திகளுக்கும் விசைப்பலகைகளுக்கும் தேவைப்படும் வடிவில் தொகுக்கிறேன். இத்தகைய சொல்லைத் தட்டினால் பிழையென்று சிவப்புக் கோடு விழக் கூடாது. ‘ஓரின’ என்று தட்டியதும் ‘சேர்க்கை’ என்று கைப்பேசி தானாக முடித்துவைக்கக் கூடாது. இதில் ஒரு வரியும் எனக்குச் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். தன்பாலீர்ப்பு, தற்பாலீர்ப்பு, ஒருபாலீர்ப்பு என மூன்று வடிவங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. எது நிலைக்கும் என்பதை எழுதுகிறவர்கள் தீர்மானிக்கட்டும். நீங்களும் எழுதுங்கள்.

இந்த வருஷத்து மலர் மார்கழிக்குள் அச்சாகும் என்று எழுதியிருந்தீர்கள். மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பில் உள்ளவருக்கு இரண்டு பக்கத்தில் இந்தப் பட்டியலை யூனிகோடில் இணைத்திருக்கிறேன். உங்கள் அச்சகத்தார் பாமினியிலோ வானவில்லிலோதான் பக்கம் கட்டுவார்கள் என்றால் ஒரு வரி எழுதுங்கள், அந்த எழுத்துருவுக்கு அன்றைக்கே மாற்றி அனுப்புகிறேன். போன வருஷத்துக் கட்டுரையை இணையப் பதிப்பில் திருத்த முடியுமானால், அந்த 14 இடங்களும் எந்தப் பக்கம், எந்த வரி என்று குறித்து வைத்திருக்கிறேன். அதையும் கூடவே அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
டொராண்டோ